முடி வைத்த நகையைத் தண்ணீரில் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய நகை எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம் என்று உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பைப் படித்ததும் பதறிப்போனேன். தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

நான் இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார் எனக்குக் கொடுத்தது ஒரு துக்க ப்ரோச், அதாவது இறந்தவரின் முடியை வைத்து, அவர் நினைவாக உடையில் குத்திக்கொள்ளும் நகை. கட்டைவிரல் நக அளவுதான், ஓரத்தில் வெள்ளை எனாமல், நடுவில் கண்ணாடிக்கு அடியில் சடை மாதிரி பின்னிய செம்பட்டை முடி, பின்பக்கம் இரண்டு எழுத்தும் 1867 என்ற வருடமும். இறந்தவர் கணவர் வழிப் பாட்டி ஒருவரின் தங்கை. கல்யாணமாகாமல் போனவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கருப்புக்குப் பதில் வெள்ளை எனாமல் இடுவது அன்றைய வழக்கம். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா ராணி 1901இல் தான் சாகும்வரை கருப்பு உடையைக் கைவிடவில்லை, நாடே அவரைப் பார்த்து இப்படிப்பட்ட நகைகளை அணிந்தது.

ஊசி தளர்ந்துவிட்டதென்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முடியை எடுத்துவிட்டுப் போட்டோ வைத்துத் தரட்டுமா என்று கேட்டார், வேண்டவே வேண்டாம், ஊசியை மட்டும் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி செய்தார், அப்புறம் பளபளப்பாக இருக்கட்டுமென்று தண்ணீரிலும் போட்டுவிட்டார். கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, முடியை ஒட்டியிருந்த பசை ஊறி, சடையின் ஒரு நுனி பிரிந்துவிட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நிறம்கூட மங்காமல் இருந்த முடி! பார்த்ததும் அழுதுவிட்டேன்.

முடி சுலபத்தில் மக்காது, அதனால்தான் அன்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் எதிரி தண்ணீர்தான். உலர்ந்த மெல்லிய துணியால் மேலாகத் துடைத்தால் போதும். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைத்த ஜெட் கல்லால் செய்த கருப்பு நகை என்றால் (கல் என்கிறோமே தவிர, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் புதைந்த மரம் அது) கீழே விழாமல் பாருங்கள், உடைந்துவிடும். கையில் எடுத்தால் லேசாக, சில்லிடாமல் இருந்தால் ஜெட், கனமாகச் சில்லென்று இருந்தால் கருப்புக் கண்ணாடி. வல்கனைட் என்ற கெட்டி ரப்பரும் லேசாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிடும்.

தங்கம் கொஞ்சம்தானே, உருக்கிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பெண்ணுக்குப் புகைப்படம்கூடக் கிடையாது, அந்தச் சடை ஒன்றுதான் மிச்சம். அவர் யார் என்று ஒரு தாளில் எழுதி பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், அடுத்து என் மகளிடம் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, இங்கிலாந்து