அந்த இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு

அப்பா வென்டிலேட்டரில் இருந்த மூன்றாம் நாள் இரவு. உள்ளே விடவில்லை. சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருடமாகியும், அப்பா தினமும் முணுமுணுக்கும் பாட்டு மட்டும் என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது, வெளியே வந்த உங்கள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். நான் எதுவுமே கேட்கவில்லை. "அதையே போன்ல பாடிப் பதிஞ்சு கொடுங்க, அவர் காதுகிட்ட வைக்கிறேன், மயக்கத்துலயும் கேட்கலாம்" என்றீர்கள். அப்புறம் விடியும்வரை அடிக்கடி போட்டுக்காட்டினீர்களாம், காலை டியூட்டிக்கு வந்தவர் சொல்லித்தான் தெரியும். (நான் பாடினாலே அப்பாவுக்குச் சிரிப்பு வரும், அது வேறு.)

மாலையில் அப்பா போய்விட்டார். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண்கள்தான் ஞாபகம். எனக்கு இன்னும் நம்பிக்கை திரும்பவில்லை சிஸ்டர், ஆனால் அந்தப் பதிவை அழிக்கவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.