ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்த மன்றத்தாருக்கு

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொது மன்றத்து உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1659 மே மாதம் நீங்கள் பாஸ்டனில் கூடிப் போட்ட ஒரு சட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். கிறிஸ்துமஸையோ அதுபோன்ற வேறு பண்டிகையையோ, வேலை செய்யாமல் இருந்தோ, விருந்து உண்டோ, வேறு எந்த விதத்திலோ கொண்டாடுகிறவர் ஒவ்வொரு முறையும் ஐந்து ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும் என்று எழுதினீர்கள்.

கிறிஸ்துமஸுக்கே தடை போட்ட கிறிஸ்தவர்கள் என்று உங்களைக் கேலி செய்ய டிசம்பர் வந்தால் ஆள் கிடைத்துவிடுவார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. உங்கள் வாதத்தில் சரக்கு இருந்தது. இயேசு டிசம்பர் 25-இல் பிறந்தார் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை. ரோமர்களின் சாட்டர்னேலியா திருவிழாவை ஒட்டித்தான் அந்தத் தேதி வந்தது என்று உங்கள் ஊர்ப் போதகர் இன்கிரீஸ் மேதர் பின்னாளில் எழுதினார். இங்கிலாந்தில் நீங்கள் பார்த்து வளர்ந்த கிறிஸ்துமஸும் இன்றைக்குப் போல நட்சத்திரமும் கேக்குமாக இருக்கவில்லை. பன்னிரண்டு நாள் குடி, சீட்டாட்டம், வசதியானவர் வீட்டுக் கதவைத் தட்டி மதுவும் சாப்பாடும் கேட்கிற கூட்டம். முகம் சுளித்ததில் தப்பே இல்லை.

சரி, பிடிக்கவில்லை என்றால் கொண்டாட வேண்டாம். குடித்துவிட்டு ரகளை செய்கிறவனைத் தண்டிக்க உங்களிடம் ஏற்கெனவே சட்டம் இருந்தது. அப்புறம் எதற்கு அந்த "வேலை செய்யாமல் இருந்தோ"? ஒருவன் யாருக்கும் தொந்தரவு தராமல், கோடரியை மூலையில் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தாலும் குற்றவாளி. அதுதான் என் வழக்கு.

பக்கத்துக் குடியேற்றமான பிளிமத்தில் 1621-இல் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. டிசம்பர் 25 காலை ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்த சிலர், இன்று வேலை செய்ய எங்கள் மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள். மனசாட்சி விஷயம் என்றால் இருங்கள் என்று விட்டுவிட்டு மற்றவர்களோடு போனார். மத்தியானம் திரும்பினால், இவர்கள் தெருவில் கனத்த கம்பியை எறிந்தும் ஸ்டூல்பால் என்ற பந்தாட்டம் ஆடியும் குதூகலித்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. விளையாட்டுச் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்கள் உழைக்க நீங்கள் ஆடுவது என் மனசாட்சிக்கு ஒவ்வாது என்றார். பக்தி என்றால் வீட்டுக்குள் இருந்து ஆசரியுங்கள், தெருவில் ஆட்டம் வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கிறது. தெருவைத்தான் எடுத்துக்கொண்டார், வீட்டை அவர்களிடமே விட்டார். 38 வருஷம் கழித்து நீங்கள் அந்த வீட்டையும் விடவில்லை.

லண்டன் பாராளுமன்றம்கூட 1647-இல் பண்டிகைகளை ஒழித்தபோது, வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை விடுமுறையாகக் கொடுத்தது. அப்படியும் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று கேன்டர்பரியில் மேயர் கடைகளைத் திறக்கச் சொல்ல, திறந்த கடைகளைக் கூட்டம் சூறையாடியது. தெருவில் கால்பந்தை உருட்டிவிட்டார்கள், வாசல்களில் கிறிஸ்துமஸ் அலங்காரமான ஹாலி இலைக்கொத்து வைத்தார்கள். அடுத்த வருஷம் கேன்டர்பரி இருக்கிற கென்ட் மாவட்டமே பாராளுமன்றத்துக்கு எதிராகக் கிளம்பியது. இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் நீங்கள் உங்கள் சட்டத்தை எழுதினீர்கள்.

மத நம்பிக்கைக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் நீங்கள். அதே 1659 அக்டோபரில், நாடுகடத்தியும் திரும்பி வந்தார்கள் என்பதற்காக குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேரை பாஸ்டனில் தூக்கிலிட்டவர்களும் நீங்கள்தான். அதோடு ஒப்பிட்டால் ஐந்து ஷில்லிங் சில்லறை விஷயம். ஆனால் இரண்டும் ஒரே மன்றத்தின் கையெழுத்து.

1681-இல் சட்டத்தை நீக்கினீர்கள். மனம் மாறியல்ல, இங்கிலாந்து அரசரின் நெருக்கடியால். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பின்னாளில் உங்கள் மன்றத்தில் உறுப்பினரான சாமுவேல் சூவலின் நாட்குறிப்பில் இருக்கிறது. 1685 கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல வண்டிகள் ஊருக்குள் வந்தன, கடைகள் திறந்திருந்தன. இந்த நாளை ஆசரித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த இன்னும் எந்த அதிகாரமும் இல்லை, அதற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்று எழுதுகிறார். அடுத்த வருஷமே அரசர் அனுப்பிய ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ், வலப்பக்கம் சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய் துணை வர, நகர மண்டபத்துக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனார். சூவல் அதையும் குறித்து வைத்தார். கட்டாயம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

தண்டம் போன பிறகும் அந்தக் கடைகள் திறந்துதான் இருந்தன, கவனித்தீர்களா? கொண்டாட விரும்பாதவர்கள் கொண்டாடவில்லை, அவ்வளவுதான். உங்கள் மாநிலம் கிறிஸ்துமஸைச் சட்டபூர்வ விடுமுறையாக்கியது 1856-இல். நீக்கத்துக்குப் பிறகு 175 வருஷம், உங்கள் ஐந்து ஷில்லிங்கின் தயவு இல்லாமலேயே ஓடியிருக்கிறது.

இப்படிக்கு,
பழைய நாட்குறிப்புகளைப் புரட்டும் ஒரு வாசகன்