சிலந்தியை விட்டுவிட்டீர்களே!

ஐயா,

பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோன் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை சரி, ஆனால் பூச்சாடி ஓவியங்களோடு நிறுத்திவிட்டீர்களே! ஐம்பதை எட்டும்வரை அவர் பெரும்பாலும் கரியையும் கல்லச்சையும் (கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுப்பது), அதாவது கறுப்பையே, நம்பியிருந்தவர். ‘கனவில்’ என்ற முதல் கல்லச்சுத் தொகுப்பு 1879இல் வந்தது. 1882இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவுக்குக் காணிக்கையாக்கிய தொகுப்பில், பெரிய கண் ஒன்று பலூனாகி மேலே போகிறது. இமை மயிரெல்லாம் விரிந்திருக்க, பார்வை வானத்தில். கீழே தொங்கும் தட்டில் ஒரு தலை! அப்புறம், தனியாக அவர் வரைந்த அந்தச் ‘சிரிக்கும் சிலந்தி’. கால்களை எண்ணிப் பார்த்தேன், பத்து. அடுத்த முறை அதை அரைப் பக்கத்துக்காவது போடுங்கள். தபால்தலை அளவில் போட்டால் மை கொட்டியதுபோலத்தான் இருக்கும்.

– ஒரு வாசகி, மயிலாடுதுறை