துரியோதனனா, கிருஷ்ணரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடியில் ஓமலூர் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தேன். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவன் நான். கூத்துக்காரர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்த உரிமையில் கூத்து மேடை விளக்கைப் பற்றி ஒரு குறை சொல்கிறேன்.

அன்று திரௌபதி துகில். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, பின்னால் துரியோதனனின் சலங்கை அதிர்கிறது. கிரீடத்தின் நுனி மட்டும் மேலே ஆடுகிறது. ஆள் யாரென்று தெரியாமலே வயிற்றைக் கலக்கும் நேரம் அது. திரை விலகினால் செக்கச்செவேலென்ற முகம், முறுக்கு மீசை, தோளில் புஜக்கட்டை என்னும் மர அணி என ஒரு ஆள் இரண்டு ஆளாக நிற்க வேண்டும்.

விலகியது. அந்த நேரம் பார்த்து, நிறம் மாறும் மேடை விளக்கான 'பார் லைட்' பச்சைக்கு மாறியது. சிவப்பு அரிதாரத்தில் பச்சை வெளிச்சம் பட்டால் முகம் கறுத்துத்தான் போகும். அடுத்து சிவப்பு விளக்கு: பூசிய சாயமே காணோம், புருவமும் மீசையும் தனியாக மிதந்தன. அப்புறம் நீலம். "இவர்தான் கிருஷ்ணரா தாத்தா?" என்றான் பேரன். அவன்மேல் என்ன தப்பு?

எனக்கு வாடிக்கையாக வந்த கூத்து வாத்தியார் ஒருவரின் ஜமாவில், அதாவது குழுவில், பீமன் வேஷம் கட்டியவர் தறி ஓட்டும் ஒல்லிப்பிச்சான். "பாவாடைக்கு ரெண்டு முழம் சேர்த்துப் போடுங்க, கொசுவம் நெருக்கமா இருக்கட்டும்" என்பார் வாத்தியார். பீமன் சுற்றி ஆடும்போது பாவாடை குடையாய் விரியும். களத்தில் ஒல்லிப்பிச்சானை யாரும் பார்த்ததில்லை, பீமனைத்தான் பார்த்தார்கள். இத்தனை பாடும் ஒரு சுவிட்சில் போய்விடுகிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பெட்ரோமாக்ஸ் காலத்துக்கே போகச் சொல்லவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் புஜக்கட்டையில் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மின்னியது தனி அழகு; சரி, அது போகட்டும். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்தது நம் சேலம் ஏற்காடு சாலையில்தான். இந்த ஊருக்கு வண்ணம் புதிதில்லை; கண்ட நேரத்தில் மாறும் வண்ண விளக்குதான் கூத்துக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று, பின்னால் கட்டும் பிளெக்ஸ். உபயதாரர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் திரௌபதி தலைவிரித்து அழுகிறாள். பிளெக்ஸை வாசலில் கட்டினால் உபயதாரர் பெயருக்கு என்ன குறைந்துவிடும்?

விளக்கைப் பற்றி அன்றைக்கே சவுண்டு சர்வீஸ் தம்பியிடம் கேட்டேன். "ஆட்டோல போட்டிருக்கேன்ணா, அதுவா மாறும்" என்றார். விழாக் குழுவினர் கூத்து நடக்கும் நேரம் மட்டுமாவது அதை ஆட்டோவிலிருந்து எடுத்து, ஒரே வெள்ளை விளக்கை நிலையாக எரிய விடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
அம்மாபேட்டை, சேலம்.