முழுப் பூசை காணாத ஆறு ஆண்டுகள்

பங்குத்தந்தையர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், ஞாயிறுதோறும் எங்களுக்கு முன் வரிசைகளில் அமரும் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ்.

மூன்று குழந்தைகளின் தாய் எழுதுகிறேன். மூத்தவளுக்கு வயது ஆறு, அடுத்தவனுக்கு மூன்று, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். திருச்சபைக் கட்டளைகளில் முதலாவதை நாம் எல்லோருமே சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம்: ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாள்களிலும் முழுப் பூசை காண்பது. அதிலுள்ள 'முழு' என்ற சொல் ஆறு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. முதல் வாசகத்தின்போது ஒருத்தியைக் கழிவறைக்கு அழைத்துப் போகிறேன். மறையுரையின்போது ஒருவனுக்கு மடியில் இடம் போதவில்லை. காணிக்கைப் பாடலில் சின்னவனுக்குப் பசி. என் கணவருக்குப் பல ஞாயிறுகளில் வேலை இருப்பதால் மூவரையும் தனியாகத்தான் அழைத்து வருகிறேன்.

சில வாரங்களுக்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் இம்மடலின் காரணம் புரியும். அருள்பணியாளர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி ஒலித்தது. ஆலயம் முழுவதும் அமைதி. என் மூன்று வயது மகன் உரத்த குரலில் கேட்டான்: "மணி அடிக்கிறார்களே, யார் அம்மா வருகிறார்?" நான் அவன் காதருகே குனிவதற்குள் எங்களுக்கு முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாதா?" என்றார். மூவரோடும் வெளியே வந்து வாசற்படியில் நின்றேன். "ஆண்டவரே, நான் தகுதியற்றவன்" என்று சபை ஒரே குரலில் சொன்னது உள்ளிருந்து கேட்டது. எத்தனையோ ஆண்டுகளாக நானும் சொல்லிவரும் சொற்கள்தான். அன்று படியில் நின்று கேட்டபோது, அவை எங்களைக் குறித்தே சொல்லப்பட்டவைபோல் இருந்தன. நற்கருணை வாங்கவும் உள்ளே போகவில்லை.

அந்த மணி எதற்கு ஒலிக்கிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆண்டு முழுவதும் கற்றுத் தந்தாலும், அவன் கேட்ட நொடிக்கு ஈடாகாது. யார் வருகிறார் என்று கேட்டான். அதற்குத்தானே நாம் அனைவரும் அங்கே கூடியிருந்தோம்?

பிள்ளையின் திருமுழுக்கு நாளில் திருச்சபை எங்களிடம் சொன்னதை நினைவூட்ட விரும்புகிறேன். அருள்பணியாளர் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, எங்களையும் வரையச் சொன்னார். சடங்கின் இறுதி ஆசியில், பிள்ளைக்கு நம்பிக்கையைக் கற்பிக்கும் முதல் ஆசிரியர்கள் நீங்களே என்று எங்களிடம் ஒப்படைத்தார். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 11ஆம் எண்ணும், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றும், பெற்றோரைப் பிள்ளைகளுக்கு முதல் நற்செய்தியாளர்கள் என்றும் அழைக்கிறது. அந்தப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டுதான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இந்தப் பணி எனக்குப் பாரமாக மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். இரவில் விளக்கை அணைக்குமுன் நாங்கள் செபிக்கிறோம். செபமாலையை ஐந்து பத்துமணிகளும் முடித்த நாள் அரிது. பெரும்பாலும் இரண்டாம் மறையுண்மையிலேயே ஒருவன் உறங்கிவிடுகிறான். ஆனால் மன்றாட்டு நேரத்தில் மூத்தவள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள்: பாட்டியின் முழங்கால், பள்ளியில் அழுத தோழி, சுவரோரம் பார்த்த காலொடிந்த பூனை. ஒருவரையும் விடாமல் ஆண்டவர் முன் நிறுத்துகிறாள். மகன் இடக்கையால், வலமும் இடமும் மாறிச் சிலுவை அடையாளம் வரைகிறான், ஆனால் 'ஆமென்' மட்டும் வீடு அதிரச் சொல்கிறான். நற்கருணைப் பேழையருகே எரியும் அணையா விளக்கைக் காட்டி, "விளக்கு எரிகிறது, இயேசு வீட்டில் இருக்கிறார்" என்று தம்பிக்கு அவனே சொல்லித் தருகிறான். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பங்களுக்காக எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலின் 287ஆம் எண்ணில், இயேசுவுக்கும் அன்னை மரியாவுக்கும் முத்தம் அனுப்பத் தாய்மார் மழலைகளுக்குக் கற்றுத்தருவது எவ்வளவு அழகு என்கிறார். அதைப் படித்த இரவில் எனக்கு அழுகை வந்தது. நாங்கள் செய்யும் சிறிய வேலையை ஒருவர் கண்டிருக்கிறாரே என்ற ஆறுதல்.

களைப்பும் உண்மைதான். இரவு மூன்று முறை எழுந்து பாலூட்டியவளுக்குக் காலையில் தியானம் கைகூடுவதில்லை. அப்போதெல்லாம் புனித செலி மார்ட்டினை நினைத்துக்கொள்கிறேன். லேஸ் பின்னும் தொழில் நடத்தியபடியே ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நான்கு பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். தன் களைப்பைக் கடிதங்களில் மறைக்காமல் எழுதியவர். 2015 அக்டோபர் 18 அன்று கணவர் லூயியோடு புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய கடைசி மகள்தான் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. செபத்தில் தூங்கிவிடுவதற்காகத் தெரேசா கலங்கவில்லை. தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்கு இனியதே என்று எழுதினார். எங்களைப் போன்றவர்களுக்கு மறையுரைகளில் இந்தப் புனிதர்களைப் பற்றி அடிக்கடி சொல்லுங்கள், தந்தையே.

இன்னொன்றையும் பீடத்திலிருந்து சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த முதல் மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்கு வரமுடியாத தாய்மார் பலர், பாவம் செய்துவிட்டதாக நினைத்து மனம் நோகிறார்கள். மூத்தவள் பிறந்தபோது நானும் அப்படித்தான் நொந்தேன். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2181ஆம் எண்ணில், ஞாயிறு கடனிலிருந்து விலக்களிக்கும் தக்க காரணங்களுக்கு எடுத்துக்காட்டாக நோயையும் கைக்குழந்தையைப் பராமரிப்பதையும்தான் குறிப்பிடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

விலக்கு உண்டு என்பதால் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நாங்கள் வர விரும்புகிறோம். அதற்கு உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. முதலாவதும் எனக்கு மிக முக்கியமானதும் இது: முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகளைச் சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு விடுங்கள். இப்போது நாங்கள் கடைசியில் ஒதுங்குகிறோம். 'பூசை காண்பது' என்கிறோம், ஆனால் அங்கிருந்து என் மகன் காண்பது பெரியவர்களின் முதுகுகளை மட்டுமே. ஒரு நாள் தற்செயலாக முன்னால் இடம் கிடைத்தது. பீடத்தில் அருள்பணியாளரின் கைகள் போகும் இடமெல்லாம் அவன் கண்களும் போயின. அன்று அவன் ஏறக்குறைய ஒலியே எழுப்பவில்லை.

அழும் குழந்தைகளோடு அமர்வதற்கான கண்ணாடி அறை இருக்கும் ஆலயங்களில் அதன் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேசையும், கூச்சமின்றிப் பாலூட்ட ஒரு நாற்காலியும் போதும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோதே, பசித்தால் தயங்காமல் பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ். சிறுவர் பங்கேற்கும் திருப்பலிகளுக்கென வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1973 நவம்பர் 1 அன்று வெளியிட்ட நெறிமுறையின் 16ஆம் எண்ணில் ஒரு யோசனை இருக்கிறது: பங்கேற்க இயலாத மழலைகளைப் பங்கைச் சேர்ந்த சிலர் தனியிடத்தில் பார்த்துக்கொண்டு, இறுதியில் ஆசி பெற உள்ளே அழைத்து வரலாம். அரை நூற்றாண்டாக அந்த யோசனை ஏட்டிலேயே இருக்கிறது. பேரவைக் கூட்டத்தில் ஒரு முறை அதை எடுத்து வாசியுங்கள்.

பிள்ளைகளை வளர்த்து முடித்த அம்மாக்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தனியாக மூன்றைச் சமாளிக்கும் ஒருத்தியைக் கண்டால் அவள் அருகில் வந்து அமருங்கள். நான் நற்கருணை வாங்கிவிட்டு வரும்வரை ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவுரை வேண்டாம், அந்த மடி போதும்.

பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு கோபம்கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள், அவர்களைத் தடுக்காதீர்கள்" என்ற சொல்லை நாம் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறோம். அன்று பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள் யார் என்று நற்செய்தி சொல்வதில்லை. அவர்களில் தாய்மாரும் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

வரும் ஞாயிறும் மூவரோடும் வருவேன். மணி ஒலிக்கும்போது என் மகன் மறுபடியும் கேட்பான். தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். அவன் காதில் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை எங்களுக்கு நேரம் கொடுங்கள்.

ஆண்டவரில் அன்புடன்,
மூன்று குழந்தைகளின் தாய்