எத்தனை, எவ்வளவு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். உன் நலமும் வீட்டில் அனைவர் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று படித்து மனம் நிறைந்தது. எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர் என்று பிரித்து, பின்னதற்குப் பன்மை ‘ஸ்’ வராது எனச் சொல்லும்போது தலையாட்டும் பிள்ளைகள், எழுதச் சொன்னால் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்றே எழுதுகிறார்கள் என வருந்தியிருந்தாய்.

எனக்கும் இது நேர்ந்ததுண்டு. ஒரு மாணவன் கட்டுரை நோட்டில் ‘மை மதர் கேவ் மீ மெனி அட்வைசஸ்’ என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியதும் அவன் விரல்களை மடக்கிக் காட்டி, “சீக்கிரம் எழு, பொய் சொல்லாதே, கடன் வாங்காதே என்று அம்மா மூன்று அறிவுரை சொன்னார்களே, எண்ண முடிகிறதே ஐயா?” என்று கேட்டான். விதி அப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. காரணம் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

‘எண்ண முடியாத’ என்ற பெயரே பிள்ளைகளைத் திசை திருப்பிவிடுகிறது. ஒரு பொருளை எண்ண முடியுமா என்பதன்று கேள்வி. அந்தச் சொல்லை ஆங்கிலம் எப்படிக் கையாளுகிறது என்பதே கேள்வி. பிரெஞ்சில் அறைகலன்களையும் தகவல்களையும் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஆங்கிலத்திலேயே ‘நியூஸ்’ ஒரு காலத்தில் பன்மையாக வழங்கி, பிறகுதான் ஒருமை வினையோடு நிலைபெற்றது. ஆங்கிலத்தில் பட்டாணிக்கு ஒரு காலத்தில் ‘பீஸ்’ என்பதே பெயர். அது அரிசி, மாவு போல மொத்தத்தைக் குறித்த சொல். இறுதியில் ஒலிக்கும் ‘ஸ்’ பன்மை விகுதிதான் என்று மக்கள் எண்ணிக்கொண்டதால், பதினேழாம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற ஒருமை புதிதாகப் பிறந்தது. பட்டாணி மாறவில்லை, அதைப் பார்த்த பார்வைதான் மாறியது.

இந்தப் பார்வை நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அன்று. ‘எத்தனை முட்டை?’ என்றும் ‘எவ்வளவு பால்?’ என்றும் கேட்கும் குழந்தை ‘மெனி’யையும் ‘மச்’சையும் ஏற்கெனவே பிரித்தறிந்துவிட்டது. ஒரு சோறு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பருக்கை, ஒரு பிடி, ஒரு கவளம் என்கிறோம். ஆங்கிலத்தின் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ (ஒரு துண்டு அறிவுரை) என்பதில் வரும் துண்டு அந்தப் பருக்கையைப் போன்றது. சில இடங்களில் இரு மொழிகளும் பிரிகின்றன: ‘இன்னும் இரண்டு மழை பெய்தால் பயிர் பிழைத்துவிடும்’ என்று நாம் மழையை எண்ணுகிறோம், ஆங்கிலம் அங்கே பெரும்பாலும் வேறு சொல்லைத் துணைக்கு அழைக்கும். பணத்தை எண்ணுகிறோமே என்று பிள்ளைகள் கேட்டால், நாம் எண்ணுவது ரூபாயை என்று சொல். ‘எவ்வளவு பணம்’ என்றுதானே கேட்கிறோம்? பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயராக இருந்த காலத்தில் ‘நாலு பணம்’ என்று எண்ணியவர்களும் நாமே.

இன்னொரு சிக்கல் நம் இலக்கணத்திலிருந்தே வருகிறது. ‘பால்பகா அஃறிணைப் பெயர்கள் பாற்பொதுமைய’ என்கிறது நன்னூல்; அதாவது ‘கள்’ சேராத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. மாடு வந்தது, மாடு வந்தன என இரண்டும் நமக்குச் சரி. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் ‘டூ பென்’ என்று எழுத, நாம் கண்டிக்க, அந்த அச்சத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஸ்’ சேர்த்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

‘ஃப்யூ’, ‘லிட்டில்’ இரண்டுக்கும் அதிக நேரம் ஒதுக்கு. தெரிந்த பெண் ஒருத்தி வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதி என்னிடம் காட்டினாள். கொஞ்சம் அனுபவம் உண்டு என்று சொல்ல நினைத்தவள், அனுபவம் இல்லை என்றே சொல்லும்படி எழுதியிருந்தாள். முன்னால் ஓர் ‘எ’ சேர்த்ததும் பொருள் நேரானது. இதை விளக்க நம்மிடம் ‘தான்’ இருக்கிறது. ‘கொஞ்சம் பால் இருக்கிறது’ என்றால் காபி போடலாம். ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்றால் கடைக்குப் போக வேண்டும். ‘எ லிட்டில்’ முன்னது, ‘லிட்டில்’ பின்னது. ‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’ இரண்டுக்கும் இதே கணக்கு. எண்ணும் பெயர்களோடு வரும் என்பது மட்டுமே வேறுபாடு.

‘லெஸ்’, ‘ஃப்யூயர்’ பற்றிப் பிள்ளைகளை மிரட்டாதே. எண்ணும் பெயரோடு ‘லெஸ்’ஸைவிட ‘ஃப்யூயர்’ நன்றாக இருக்கும் என்று 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் விருப்பமாகச் சொன்னதே பின்னாளில் விதியாக இறுகியது. தேர்வுக்கு எண்ணும் பெயரோடு ‘ஃப்யூயர்’ எழுதட்டும், அது போதும். ‘எ லாட் ஆஃப்’ இரு வகைக்கும் பொருந்தும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு.

நாளை வகுப்பில் அவரவர் வீட்டுச் சமையலறையை நினைத்து, எதற்கு எத்தனை, எதற்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லிப் பார். வெங்காயத்தில் சண்டை வரும்: கூடையில் இருக்கும்போது எத்தனை, நறுக்கிய பிறகு எவ்வளவு. ஆங்கிலத்திலும் ‘ஆனியன்’ அப்படித்தான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்