மதுவத்துக்கு எந்தப் பட்டினி?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த தன்னுண்ணல் கட்டுரையில், உணவு கிடைக்காவிட்டால் மதுவக் (ஈஸ்ட்) கலம் தன்னையே உண்ணத் தொடங்கும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். எந்த உணவு இல்லாமற் போகிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

நைதரசன் தீர்ந்தால் கட்டுரையில் சொன்னபடிதான் நடக்கும். கலத்தின் சமிபாட்டு அறையான புன்வெற்றிடத்தின் மென்சவ்வில் இருக்கும் டோர்க்-1 என்ற புரதத் தொகுதி, போசணை உள்ளவரை ஏ.ரி.ஜி.13 புரதத்தில் பொசுபேற்றை ஏற்றித் தன்னுண்ணலைத் தடுத்து வைத்திருக்கும். நைதரசன் தீர்ந்து டோர்க்-1 ஓய்ந்ததும் கலத்தின் உட்பொருளான குழியவுருவின் பகுதிகள் இரட்டை மென்சவ்வுப் பைகளில் அடைபட்டுப் புன்வெற்றிடத்தில் சமிபாடடைகின்றன. 2016இல் நோபல் பரிசு பெற்ற யொஷினோரி ஒசுமி, அங்குள்ள புரதச்சிதைப்பு நொதியங்கள் இல்லாத, மரபணு மாறிய மதுவங்களை (விகாரிகளை)ப் பட்டினி போட்டார். சமிக்க வழியின்றிப் பைகள் குவிந்து ஒளி நுணுக்குக்காட்டியிலேயே தெரிந்தன. எளிமையான, கெட்டிக்கார உத்தி.

குளுக்கோசைச் சடுதியாக நிறுத்தினால் நடப்பது வேறு. சில நிமிடங்களில் புன்வெற்றிடத்தை அமிலமாக வைத்திருக்கும் புரோத்தன் பம்பி இரண்டாகக் கழன்றுவிடும், குழியவுருவின் பீ.எச். இறங்கும் (அமிலத்தன்மை கூடும்), தன்னுண்ணலோ நைதரசன் பட்டினியில் காணும் வேகத்தில் தொடங்காது. குளுக்கோசு மெல்லத் தீர்ந்தால், மதுவம் தான் வெளிவிட்ட எதனோலையே எடுத்துச் சுவாசிக்கும். அப்போது கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்கும் புன்வெற்றிடத்துக்கும் இடையிலான விகிளாம்ப் என்ற தொடுகை குறைந்துபோகும். கலத்தினுள் மென்சவ்வு வலையாக இருக்கும் அகமுதலுருச் சிறுவலையை இழைமணியுடன் பிணைக்கும் எர்மெஸ் என்ற புரதத் தொகுதி இல்லாத கலங்களில் அதே விகிளாம்ப் விரிவடையும். பாடநூற் படங்களில் இந்தப் புன்னங்கங்கள் (கலத்தின் உள்ளுறுப்புகள்) தனித்தனித் தீவுகளாகக் கிடப்பதால் இதெல்லாம் மாணவர் கண்ணில் படுவதில்லை.

நைதரசன் பட்டினியை உயர்தர வகுப்பில் காட்ட விரும்புவோர் பேக்கரி மதுவத்தைப் பக்கற்றிலிருந்து நேரே எடுக்கக்கூடாது. அது ஏற்கெனவே காய்ந்து வளர்ச்சி நின்ற மதுவம், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஒரு லீற்றருக்கு மதுவச்சாறு 10 கிராம், பெப்தோன் 20 கிராம், குளுக்கோசு 20 கிராம் கொண்ட ஊடகத்தில் முதலில் வளர்க்கவேண்டும். மட்டக்களப்பின் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியிருப்பதால் அடைகாப்பி தேவையில்லை, மாரியில் கொஞ்சம் பிந்தும். பிறகு மையநீக்கியில் சுழற்றிக் கலங்களைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தரம் கழுவுங்கள். இங்கே சோம்பினால் ஒட்டியிருக்கும் பெப்தோனே நைதரசன் ஊட்டிக்கொண்டிருக்கும், பரிசோதனை பிழைக்கும். கழுவியதை இரண்டாகப் பிரித்து, லீற்றருக்கு குளுக்கோசு 20 கிராம், பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 1 கிராம், மகனீசியம் சல்பேற்று 0.5 கிராம் உள்ள கரைசலில் இடவேண்டும். ஒன்றில் மட்டும் நைதரசனுக்காக அமோனியம் சல்பேற்று 5 கிராம் சேர்க்கவேண்டும். குடுவையை இறுக மூடாமல் பஞ்சால் அடைத்தால் போதும்.

மூன்று நான்கு மணித்தியாலத்தின் பின் எண்ணெய் வில்லையில் 1000 மடங்கில் பார்த்தால், நைதரசன் இல்லாத பக்கத்தில் புன்வெற்றிடங்கள் ஒன்றிணைந்து பெரிதாகியிருப்பது தெரியும். தன்னுண்ணற் பைகளைத் தேடவேண்டாம், சாதாரண மதுவம் அவற்றை உடனே சமித்துவிடும். அந்தச் சமிபாட்டைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எவ். என்ற இரசாயனம் நஞ்சு என்பதால், பாடசாலை ஆய்வுகூடத்துக்கு உகந்ததல்ல.

உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.